பந்தை நடுவர் கையில் கொடுத்த மகராசன்

மூன்று யார்டு பின்னுக்குப் போய் விழுந்த ஓர் ஓட்டத்துக்கு மைதானமே எழுந்து நின்று கைதட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு வடக்கே பாண்டியாக் என்ற ஊரில் சில்வர்டோம் என்று ஒரு பிரம்மாண்டமான மைதானம் இருந்தது. எண்பதாயிரம் பேர் உட்காரலாம். டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக, இருபதாம் எண் சட்டையில், பேரி சாண்டர்ஸ் அங்கே ஓடிக்கொண்டிருந்தார். பந்து அவர் கைக்கு வந்த நொடியிலேயே எதிரணியின் ஆஜானுபாகுகள் நாலு பேர் உள்ளே புகுந்திருப்பார்கள். ஒருவனுக்கு இடப்பக்கம் போக்குக் காட்டி வலப்பக்கம் போவார். இன்னொருவன் கட்டிப் பிடிக்க வந்து காற்றைப் பிடிப்பான். மூன்றாமவன் தன் ஆளையே இடித்துக்கொண்டு விழுவான். நாலாமவன் கையில் கடைசியில் ஒரு கணுக்கால் சிக்கும். ஒலிபெருக்கியில் மூன்று யார்டு இழப்பு என்று அறிவிப்பு வரும்போது நாங்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்போம்.

இந்த மனிதரைப் பற்றித் தமிழில் வாயாரப் புகழ்ந்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நடுநிலையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். விளையாட்டு என்று நான் பார்த்தவற்றிலேயே ஆக அழகானது பேரி சாண்டர்ஸ் பந்தோடு ஓடியதுதான்.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்துப் பழகாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்புகள். இப்படியே நகர்ந்து நகர்ந்து எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி. குவார்ட்டர்பேக் பந்தைத் தூக்கி எறியலாம். இல்லாவிட்டால் பின்னால் நிற்கும் ரன்னிங் பேக் கையில் கொடுக்கலாம். பந்தை வாங்கிக்கொண்டு அந்த மனிதச் சுவருக்குள் ஓட வேண்டியதுதான் ரன்னிங் பேக்கின் பிழைப்பு. ஓர் ஓட்டத்துக்குச் சராசரி நாலு யார்டு கிடைத்தால் அவர் நல்ல ஆட்டக்காரர். பத்து வருடம் ஆடி, 3,062 முறை பந்தை வாங்கி ஓடி, சராசரி ஐந்து யார்டு வைத்திருந்தவர் பேரி சாண்டர்ஸ்.

கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவரைப் புரிந்துகொள்வது எளிது. பாடிப் போகிறவன் ஏழு பேருக்கு நடுவே மாட்டிக்கொண்டு, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, பிடித்த கையை உதறி, நடுக்கோட்டை நோக்கிப் பாயும் அந்த ஒரு கணம் இருக்கிறதே, அந்தக் கணத்தைப் பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு இழுத்துப் பாருங்கள். பிடிக்க வருபவர்கள் பதினொரு பேர். அவர்களில் பலர் நூறு கிலோவுக்கு மேல். அதுதான் பேரியின் ஓட்டம்.

ஆளைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். எடை 92 கிலோ. தோள்பட்டைக் கவசமும் தலைக்கவசமும் போட்டு நின்றாலும் தன் அணியின் முன்வரிசைக்காரர்களுக்குப் பின்னால் காணாமல் போய்விடுவார். ஆனால் தொடைகளைப் பார்க்க வேண்டும்! ரகசியம் அங்கேதான் இருந்தது. மற்ற ஓட்டக்காரர்கள் திசை மாற்ற வேண்டுமானால் வேகத்தைக் குறைத்து, ஒரு காலை ஊன்றி, பிறகு திரும்புவார்கள். இவருக்கு அந்த இடைநிலையே கிடையாது. முழு வேகத்தில் வருவார், ஒரே எட்டில் சட்டென்று நிற்பார், அடுத்த எட்டில் வேறு திசையில் மறுபடி முழு வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். உடம்பு தரைக்கு அவ்வளவு தாழ்வாக இருப்பதால் தோளில் விழும் அடியெல்லாம் சறுக்கிப் போய்விடும். இவரை வீழ்த்த இடுப்புக்குக் கீழே வர வேண்டும். இடுப்போ வந்த இடத்தில் இருக்காது.

நான் வேலை நிமித்தமாக மிச்சிகனுக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். மோட்டார் தொழிலை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பக்கம் அப்போதே நிறைய இருந்தன. எழுபதுகளிலேயே வந்து குடியேறிய திருநெல்வேலிக்காரர் ஒருவர் எனக்குச் சில்வர்டோமைக் காட்டினார். 1997 நவம்பர் 27, தேங்க்ஸ்கிவிங் நாள். அன்றைக்கு டெட்ராய்ட் லயன்ஸ் ஆடுவது 1934இலிருந்து வரும் வழக்கம். அந்த ஊரில் வான்கோழிக் கறியும் லயன்ஸ் ஆட்டமும் சேர்ந்ததுதான் பண்டிகை.

சில்வர்டோமின் கூரை துணி மாதிரியான கண்ணாடியிழைக் கூரை. அதைத் தாங்கத் தூண்களே கிடையாது. உள்ளே அடைத்திருக்கும் காற்றழுத்தம்தான் தூக்கிப் பிடித்திருந்தது. அதனால் சுழல் கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். நுழைந்ததும் காது லேசாக அடைக்கும். வெளியே நவம்பர் குளிர் எலும்பைக் குடையும். உள்ளே கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம். செயற்கைப் புல், அதற்கடியில் கெட்டித் தரை. விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வலிக்கும். தலைக்கவசங்கள் மோதும் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பி வரும்.

“தம்பி, பந்து எங்க போகுதுன்னு பார்க்காதீங்க. அந்த இருபதாம் நம்பரை மட்டும் பாருங்க. கண்ணச் சிமிட்டிராதீங்க” என்றார் பெரியவர்.

“ஏன் சார், எல்லா பந்தும் அவர்கிட்டயா போகும்?”

“போகாது. ஆனா அந்தப் பதினொரு பேரும் அவரைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அவர் சும்மா நடந்தாக்கூட அஞ்சு பேர் பின்னாலயே போவான்.”

அப்படியேதான் நடந்தது. அன்று எதிரே சிகாகோ பேர்ஸ். பேரி 167 யார்டு ஓடினார், மூன்று டச்டவுன். லயன்ஸ் 55–20 என்று வென்றது. அந்த நாளில்தான் எரிக் டிக்கர்சனைத் தாண்டி, மொத்த ஓட்டக் கணக்கில் அதுவரை வந்த எல்லோரிலும் இரண்டாம் இடத்துக்கு ஏறினார். என் நெஞ்சில் தங்கியது டச்டவுனுக்குப் பிறகு அவர் செய்ததுதான். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் இந்த ஆட்டக்காரர்கள் பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பார்கள், ஆடுவார்கள், நெஞ்சில் தட்டிக்கொள்வார்கள். அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான். பேரி வேகத்தைக் குறைத்தார், பக்கத்திலிருந்த நடுவரைத் தேடினார், பந்தை அவர் கையில் கொடுத்தார், தன் ஆட்களின் பெஞ்சை நோக்கி நடந்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அடுத்த டச்டவுனுக்கும் அதேதான். வாழ்நாளில் அடித்த 109 டச்டவுனுக்கும் அதேதான். கூட்டம் பைத்தியம் பிடித்துக் கத்துகிறது. அதற்குக் காரணமான மனிதர் கடனைத் திருப்பிக் கொடுத்தவரின் நிம்மதியோடு போய் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். அன்றிலிருந்து நான் அவருடைய ஆள்.

அந்த 1997ஆம் வருடக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. முதல் ஆட்டத்தில் 33 யார்டு, இரண்டாவதில் 20 யார்டு. அவ்வளவுதான், முடிந்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. வயதும் இருபத்தொன்பது, ரன்னிங் பேக்குக்கு அது கிழப்பருவம். அதற்குப் பிறகு ஆடிய பதினான்கு ஆட்டத்திலும், ஒன்று விடாமல், நூறு யார்டுக்கு மேல் ஓடினார். அந்தப் பதினான்கு ஆட்டங்களை மட்டும் கூட்டிப் பாருங்கள்: சரியாக 2,000 யார்டு. முதல் இரண்டையும் சேர்த்தால் 2,053. அதற்கு முன் ஒரே பருவத்தில் இரண்டாயிரத்தைத் தொட்டவர்கள் இரண்டே பேர். அக்டோபர் 12 அன்று டாம்பா பேயில் ஆடிய ஆட்டம் அந்த வரிசையின் உச்சம். வாரன் சாப், டெரிக் புரூக்ஸ், ஜான் லிஞ்ச் என்று பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்மண்டபத்துக்குப் போன ஆட்கள் நிறைந்த தடுப்பணி அது. அவர்களைத் தாண்டி 80 யார்டு ஓடி ஒரு டச்டவுன், 82 யார்டு ஓடி இன்னொரு டச்டவுன். ஒரே ஆட்டத்தில் எண்பது யார்டுக்குக் குறையாத இரண்டு ஓட்டங்களை அதற்கு முன் எவரும் ஓடியதில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம் டிசம்பர் 21, நியூயார்க் ஜெட்ஸோடு, சில்வர்டோமில். நண்பர் வீட்டில் டி.வி. முன்னால் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தோம். பேரி 184 யார்டு ஓடினார், இரண்டாயிரத்தைத் தாண்டினார், வெற்றிக்கான டச்டவுனையும் அவரே அடித்தார். லயன்ஸ் 13–10. ஆனால் அதே ஆட்டத்தில் லயன்ஸின் ரெஜி பிரவுன் என்ற இளைஞர் கழுத்தில் அடிபட்டு விழுந்து மூச்சடங்கிக் கிடந்தார். மைதானத்திலேயே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். இரண்டு அணிக்காரர்களும் மண்டியிட்டுப் பிரார்த்தித்தார்கள். ரெஜி பிழைத்தார், பிறகு எழுந்து நடந்தார், ஆனால் மறுபடி ஆடவே இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அதே மைதானத்தில் பேரியின் இன்னொரு தோழர் மைக் அட்லி கழுத்தெலும்பு முறிந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவர் கால்கள் திரும்பவில்லை. இந்த ஆட்டத்தை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் நேசிக்கிறோம், மனசு கனத்தாலும்.

பேரி எங்கிருந்து வந்தார்? கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரம். 1968 ஜூலை 16 அன்று பிறந்தார். வீட்டில் பதினொரு பிள்ளைகள்; மூன்று பையன்கள், எட்டுப் பெண்கள். அப்பா வில்லியம் கூரை வேய்கிறவர், தச்சுவேலையும் தெரிந்தவர். கோடை விடுமுறை என்றால் பையன்களுக்கு அப்பாவோடு கூரைமேல் வேலை. கான்சஸ் வெயிலில் தார் அட்டைக் கட்டுகளைச் சுமந்து ஏணி ஏறிய கால்கள்தான் பிற்காலத்தில் தேசிய ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லின் தடுப்பணிகளைத் தவிக்கவிட்ட கால்கள். அந்த அப்பாவுக்கு உலகத்திலேயே சிறந்த ரன்னிங் பேக் ஜிம் பிரவுன்தான். மகன் எத்தனை சாதனை செய்தாலும் அந்தத் தீர்ப்பை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. மகனும் மாற்றச் சொல்லவில்லை.

விச்சிட்டா நார்த் உயர்நிலைப் பள்ளியில் பேரிக்கு ரன்னிங் பேக் இடம் உடனே கிடைத்துவிடவில்லை. ஒரு வயது மூத்த அண்ணன் பைரன் அந்த இடத்தில் இருந்தார். கடைசி வருடத்திலும் நாலாவது ஆட்டத்தில்தான் அந்த இடத்தைக் கொடுத்தார்கள். மிச்சமிருந்த ஏழு ஆட்டத்தில் பையன் 1,300 யார்டுக்கு மேல் ஓடிவிட்டான்! கடைசி ஆட்டத்தில் நகரத்திலேயே அதிக யார்டு ஓடியவர் என்ற பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பயிற்சியாளர் உள்ளே போகச் சொன்னார். கீழ் வகுப்புப் பையன்கள் ஆடட்டும் என்று பேரி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே ஆள் இதே காரியத்தை இன்னும் இரண்டு முறை செய்யப்போகிறார்.

பெரிய கல்லூரிகள் உயரத்தைப் பார்த்து ஒதுக்கின. ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. அங்கேயும் முன்னால் ஒரு மலை: தர்மன் தாமஸ், பின்னாளில் அவரும் ஹால் ஆஃப் ஃபேம்காரர். இரண்டு வருடம் அவருக்குப் பின்னால் காத்திருந்தார் பேரி. 1988இல் தாமஸ் போனார், இடம் காலியானது. வெறும் பதினொரு ஆட்டத்தில் 2,628 யார்டு, ஓடியே அடித்த டச்டவுன் 37. கல்லூரி ஃபுட்பாலில் அப்படியொரு பருவத்தை அதற்கு முன்னும் யாரும் கண்டதில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த 2,628 அசையாமல் நிற்கிறது. கல்லூரி ஆட்டத்தின் தலையாய விருதான ஹைஸ்மன் கோப்பை அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் நியூயார்க் விழா மேடையில் இல்லை. டெக்சஸ் டெக் அணியோடு ஆடுவதற்காக டோக்கியோவில் இருந்தார். செயற்கைக்கோள் வழியாக அவரைத் திரையில் காட்டினார்கள். அந்த ஆட்டத்தில் 332 யார்டு ஓடினார். விருது வாங்கிய அதே பயணத்தில்!

1989இல், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் பொறுக்கி எடுக்கும் தேர்வு வரிசையில், லயன்ஸ் அணி அவரை மூன்றாவதாக எடுத்தது. அவருக்கு முன்னால் டல்லஸுக்குப் போனவர் டிராய் எய்க்மன், க்ரீன் பேக்குப் போனவர் டோனி மாண்டரிச். மாண்டரிச்சை எடுத்த அணிக்காரர்கள் இன்றுவரை பெருமூச்சு விடுகிறார்கள். பேரி தனக்குக் கிடைத்த கையெழுத்துப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை விச்சிட்டாவில் தான் போய்வந்த பாரடைஸ் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குக் கொடுத்தார்.

முதல் பருவத்தின் கடைசி ஆட்டம், அட்லாண்டாவில். பேரியின் கணக்கில் அந்த வருடம் 1,470 யார்டு. கான்சஸ் சிட்டியின் நைஜீரியக்காரர் கிறிஸ்டியன் ஒகோயே 1,480. பத்து யார்டு! இரண்டு ஓட்டம் போதும், லீகின் முதல் இடம். லயன்ஸ் வெற்றியை உறுதி செய்துவிட்ட நேரம் அது. பயிற்சியாளர் வெய்ன் ஃபாண்ட்ஸ் கணக்கைச் சொல்லி, போகிறாயா என்றார். வேண்டாம், ஆட்டத்தை ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்றார் அந்த இருபத்தொரு வயதுப் பையன். ஒகோயே முதலிடத்தோடு பருவத்தை முடித்தார். நான் இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அடுத்த வருடம் அந்த முதலிடம் அவர் தேடாமலே வந்தது. 1994, 1996, 1997 என்று மேலும் மூன்று முறை வந்தது.

ஓட்டங்களில் எனக்கு உயிர் 1994 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு எதிராக ஓடிய 39 யார்டு. இடைவெளியில் நுழைந்து வெளியே வந்துவிட்டார். எல்லைக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்: ஹார்லன் பார்னெட். மிச்சிகன் ஸ்டேட்டில் ஆடியவர், ஏப்பசாப்பை ஆள் இல்லை. சரியான கோணத்தில், சரியான தூரத்தில், கால்களை அகட்டி நிற்கிறார். பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டுகிற மாதிரி நிற்கிறார். பேரி அவருக்கு நேராக வந்து தோளை ஒரு பக்கம் சாய்க்கிறார். பார்னெட் அந்தப் பக்கம் திரும்புகிறார். பேரி மறுபக்கம். பார்னெட் நின்ற இடத்திலேயே ஒரு முழு வட்டம் சுற்றி முடிக்கும்போது பேரி எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். ஒரு விரல்கூட மேலே படவில்லை. காணொளியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தோள் சாயும் கணத்தில் பேரியின் கால்கள் இரண்டும் இன்னும் நேராகத்தான் போய்க்கொண்டிருக்கின்றன. மேலுடம்பு ஒரு செய்தி சொல்கிறது, கால் வேறு முடிவு எடுக்கிறது. பார்னெட் மேல் தவறே கிடையாது. அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் சுற்றியிருப்பார்கள்.

குறை சொல்பவர்கள் உண்டு. லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தாரா என்பார்கள். இல்லை. போனதுகூட இல்லை. அவர் ஆடிய பத்து வருடத்தில் லயன்ஸ் ஐந்து முறை பருவத்துக்குப் பிந்தைய பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனது. ஒரே ஒரு ஆட்டம் வென்றது. 1992 ஜனவரி 5, டல்லஸ் கௌபாய்ஸை சில்வர்டோமில் 38–6 என்று துவைத்து எடுத்த ஆட்டம் அது. அதில் பேரியின் 47 யார்டு டச்டவுன் இருக்கிறதே, கூட்டத்துக்குள் போய் மாட்டிக்கொண்டார், கதை முடிந்தது என்று டல்லஸ்காரர்கள் கையைத் தளர்த்துகிற நேரத்தில் உள்ளிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதே பேரியை 1994 பருவத்தின் பிளே-ஆஃபில் க்ரீன் பே அணி பதின்மூன்று ஓட்டத்துக்கு மொத்தமே மைனஸ் ஒரு யார்டில் கட்டிப்போட்டதும் உண்மை. துணிந்து பின்னால் போய்ச் சுற்றி வருகிறவருக்கு இப்படிப்பட்ட நாட்களும் வரும். நாலு யார்டு கிடைத்தால் போதும் என்று குனிந்து மோதி விழுகிற ஓட்டக்காரர் ஆபத்தில்லாதவர்தான். நான் அதைப் பார்க்கச் சுழல் கதவு வரிசையில் நின்றிருக்க மாட்டேன்.

எம்மிட் ஸ்மித்தை வைத்து வாதாடுவார்கள். 18,355 யார்டு ஓடி இன்றும் முதலிடத்தில் இருப்பவர், மூன்று சூப்பர் பவுல் வென்றவர், மறுக்க முடியாத மாவீரர். ஆனால் அதற்கு அவருக்கு 4,409 ஓட்டங்கள் தேவைப்பட்டன. டல்லஸில் அவருக்கு முன்னால் ஒரு மதிலே நகர்ந்து வழிவிட்டது. பேரிக்கும் லோமஸ் பிரவுன், கெவின் குளோவர் என்று அருமையான முன்வரிசைத் தோழர்கள் இருந்தார்கள். அவர்களை அணி ஒவ்வொருவராகக் கைநழுவவிட்டது. 1997இன் அத்தனை சாதனைக்கும் பிறகு குளோவரையும் போகவிட்டார்கள். பேரியை அது காயப்படுத்தியதாக அவரே தன் நூலில் எழுதியிருக்கிறார்.

1998 பருவம் முடிந்தபோது பேரியின் மொத்தக் கணக்கு 15,269 யார்டு. வால்டர் பேட்டனின் என்எஃப்எல் சாதனை 16,726. பாக்கி 1,457. பேரிக்கு அது ஒரு வருடத்து வேலை. உடம்பில் ஒரு குறையும் இல்லை. 1998இலும் 1,491 யார்டு ஓடியிருந்தார். வரிசையாகப் பத்து வருடமும் ஆயிரத்தைத் தாண்டிய முதல் மனிதர் அவர். ஊரே கணக்குப் போட்டது. எந்த வாரம், எந்த மைதானத்தில் பேட்டனைத் தாண்டுவார் என்று எங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் பட்டிமன்றமே நடந்தது.

1999 ஜூலை கடைசியில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், தன் ஊர்ப் பத்திரிகையான விச்சிட்டா ஈகிளுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். ஓய்வு பெறுகிறேன், தொடர வேண்டும் என்ற ஆசையைவிட விலக வேண்டும் என்ற ஆசை பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான் காரணம் என்று எழுதியிருந்தார். செய்தியாளர் கூட்டம் இல்லை, கண்ணீர் இல்லை, பிரிவுபசாரச் சுற்றுப்பயணம் இல்லை. கடிதம் வெளியானபோது அவர் லண்டனில் இருந்தார். அப்பாவின் நாயகன் ஜிம் பிரவுன் 1966 ஜூலையில் ஓய்வை அறிவித்தபோது அவரும் சினிமாப் படப்பிடிப்புக்காக லண்டனில்தான் இருந்தார். இதை நினைத்து நினைத்து நான் வியந்திருக்கிறேன்.

டெட்ராய்ட் கொதித்தது. துரோகம் என்றார்கள். அணி கையெழுத்துப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டு, விவகாரம் மத்தியஸ்தம் வரை போனது. நானும் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. கோபம் மட்டும் எனக்கு வரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்த பையனும், அட்லாண்டாவில் பத்து யார்டு வேண்டாம் என்றவனும், 1,457 யார்டைத் தொடாமல் லண்டனுக்குப் போன மனிதரும் ஒரே ஆள்தானே? நமக்குத்தான் அந்த எண் தேவைப்பட்டது. அவர் ஓடியது எண்ணுக்காக இல்லை என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டேதான் இருந்தார். அந்த நவம்பர் 1 அன்று வால்டர் பேட்டன் ஈரல் நோயால் நாற்பத்தைந்தாம் வயதில் இறந்தார். தன் சாதனை தன்னிடம் இருக்கும்போதே அவர் கண்மூடினார் என்பதில் எனக்கு ஏதோ ஒரு நிறைவு உண்டு.

பிறகு எல்லாம் சரியாயிற்று. 2004இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தார்கள். மேடையில் அவரை அறிமுகம் செய்தவர் கூரை வேய்ந்த அப்பா வில்லியம். லயன்ஸ் இருபதாம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று எடுத்து வைத்தது. பேரிக்கு முன்னால் அதே எண்ணில் ஆடிய லெம் பார்னிக்கும் பில்லி சிம்ஸுக்கும் சேர்த்து அந்த மரியாதை. சில்வர்டோமை 2017 டிசம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். முதல் நாள் வெடித்தும் அது விழவில்லை, மறுநாள்தான் விழுந்தது. டெட்ராய்ட் நகருக்குள் இருக்கும் ஃபோர்டு ஃபீல்டு மைதானத்துக்கு வெளியே 2023 செப்டம்பரில் பேரிக்கு எட்டடி வெண்கலச் சிலை வைத்தார்கள். பந்தைக் கக்கத்தில் இடுக்கி ஓடும் கோலம். திறந்த கொஞ்ச நாளில் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். பேரி ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளைகள் அந்தச் சிலையின் முன்னால் இடுப்பை வெட்டி வெட்டி ஓடிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஜனவரியில், டல்லஸை வென்று முப்பத்திரண்டு வருடம் ஆன பிறகு, லயன்ஸ் மறுபடி ஒரு பிளே-ஆஃப் ஆட்டம் வென்றது.

பேரி சாண்டர்ஸின் பழைய ஆட்டங்களின் காணொளிகள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. விதிகள் புரியவில்லை என்று தயங்காதீர்கள். இந்த மனிதர் ஓடுவதைப் பார்க்க விதி தெரிய வேண்டியதில்லை. 1997 அக்டோபர் 12, டாம்பா பே ஆட்டத்தில் தொடங்குங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.